வெட்டு என்றேனா, புதை என்றேனா

1

போன வாரம் எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். 'மிகச் சிறந்த வாய்மொழி உரை' என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து, தங்க நிறத்தில் ஓரம் போட்டு, லேமினேட் செய்திருந்தார்கள். என் மகள் படித்துச் சொன்னபடி, இந்தியில் நான் செல்வராணி. ஆங்கிலத்தில் சில்வராணி. என் பெயர் செல்லராணி. நன்றாகப் பேசியதற்காகக் கொடுத்த தாளில் யாரும் என் பெயரைக் காது கொடுத்துக் கேட்டதற்கான அடையாளம் இல்லை.

என் கணவர் கதிர் அதைப் படம் பிடித்து ஊர் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். மறுநாள் காலை நான் படித்த கல்லூரியிலிருந்து பேராசிரியர் ஒருவர் செய்தி அனுப்பினார். அறிவியல் உரையைச் சிறப்பாக நிகழ்த்துவது எப்படி என்று மாணவர்களுக்கு ஐந்து குறிப்புகள் எழுதி அனுப்ப வேண்டுமாம். கல்லூரி மலரில் போடுவார்களாம். என் வெற்றிப் பயணத்தைப் பற்றியும் ஒரு பத்தி வேண்டுமாம்.

என்னிடம் ஐந்து குறிப்புகள் இல்லை. ஒரு வெள்ளரித் தோட்டம் இருக்கிறது. அதை எழுதி அனுப்புகிறேன். போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

2

அந்தமானுக்கு வந்து இந்த மாதத்தோடு நான்கு வருடம் ஆகிறது. கதிருக்குத் துறைமுகத்தில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்தது. எனக்கு விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் பூச்சியியல் பிரிவில் ஒப்பந்த வேலை கிடைத்தது. வருடா வருடம் ஒரு குழு முன்னால் பன்னிரண்டு நிமிடம் பேச வேண்டும். அவர்கள் தலையாட்டினால் இன்னொரு வருடம். ஆட்டாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேற வேண்டியதுதான். புரோத்ராபூரில் வாடகை வீடு, மகள் மகிழின் பள்ளிக்கூடம், மொட்டைமாடித் தொட்டியில் நான் வளர்க்கும் கத்திரிச்செடி எல்லாமே அந்தப் பன்னிரண்டு நிமிடத்தின் மேல்தான் நிற்கின்றன.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். போனவள் முனைவர் பட்டம் வாங்கிவிட்டுத்தான் நின்றேன். இதைப் பணிவாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் செங்கல் சூளையில் மண் மிதித்த இரண்டு பேருக்குப் பிறந்து, பழ ஈயின் வாழ்க்கைச் சுழற்சியில் ஆய்வு செய்தவள் பணிவாக இருந்தால் யாருக்கு என்ன லாபம்?

அம்மாவுக்கு மட்டும் என் வேலை இன்னும் விளங்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை கேட்பாள்.

"என்னா வேலதான்டி பாக்குற அங்க?"

"வெள்ளரிக்காயில ஈ முட்ட வைக்கும்மா. அது வைக்காம இருக்க என்ன செய்யணும்னு கண்டுபுடிச்சிச் சொல்லணும்."

"ம்." கொஞ்ச நேரம் யோசிப்பாள். "அதாவது பூச்சி புடிக்கிற."

"ஆமாம்மா. பூச்சி புடிக்கிறேன்."

"அதுக்கா அம்மாந் தூரம் போன?"

ஊரில் யார் கேட்டாலும் 'எம்பொண்ணு கடல் தாண்டிப் பூச்சி புடிக்கிறா' என்றுதான் சொல்லிவருகிறாள். நாலு வருடத்தில் என் ஆராய்ச்சியைப் பற்றி வந்த சுருக்கங்களில் அது ஒன்றுதான் புரியும்படி இருக்கிறது என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

3

எங்கள் நிலையத்தில் புதன்கிழமைதோறும் கருத்தரங்கு உண்டு. விஞ்ஞானி என்ற பெயரில் ஆட்கள் மேடையேறி என்ன செய்கிறார்கள் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது.

முதலில் புரொஜெக்டர் வேலை செய்யாது. அதற்கு மூன்று நாள் முன்பே மூன்று பிரதிகளில் கடிதம் கொடுத்து மூன்று கையெழுத்து வாங்கியிருப்போம். ஆனாலும் வேலை செய்யாது. பிறகு படம் விழும். அதில் பாதி இந்தி, பாதி ஆங்கிலம், மூலைக்கு ஒரு சின்னம், நடுவில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஓர் அட்டவணை. 'எழுத்து சிறியதாக இருக்கிறது, மன்னிக்கவும்' என்பார் பேசுகிறவர். மன்னிப்புக் கேட்டுவிட்டு அதே அட்டவணையை வரி விடாமல் வாசிப்பார். நம் பக்கம் திரும்பவே மாட்டார். திரையைப் பார்த்துக்கொண்டு தன் முதுகால் நமக்கு அறிவியல் சொல்வார். கையில் இருக்கும் லேசர் விளக்கின் சிவப்புப் புள்ளி சுவரெல்லாம் அலையும். நான் பூச்சியியல் படித்தவள். இலக்கில்லாமல் அப்படி அலைகிற ஈயை நான் பார்த்ததில்லை.

மணி அடிப்பார்கள். 'கடைசிப் படம்' என்பார். அதற்குப் பிறகும் நாலு கடைசிப் படங்கள் வரும். முடிவில் 'நன்றி' என்ற எழுத்துக்குப் பின்னால் கடலில் சூரியன் மறையும். சுற்றிலும் கடல் இருக்கிற தீவில், வேலை முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தால் சும்மா கிடைக்கிற அஸ்தமனத்தை, ஏசி அறையில் திரைபோட்டு இருட்டாக்கி நமக்குக் காட்டுவார்கள்.

அப்புறம் கேள்வி நேரம். கேள்வி இருக்காது. 'இது கேள்வி இல்லை, ஒரு கருத்து' என்று ஒருவர் எழுந்து தன் பழைய ஆராய்ச்சியைச் சொல்வார். அதுவும் முடிந்ததும் சமோசா வரும். அன்றைக்குக் கேட்ட நாலு உரைகளில் ஒன்று எதைப் பற்றியது என்று சமோசா சாப்பிடுகிறவர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒருவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கிராஃப் எல்லாம் நல்லா கலரா இருந்துச்சு."

நான் அவர்களைப் போல இல்லை என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி என்றால் நான்தான். தமிழாசிரியர் எழுதித் தந்ததை மூச்சு விடாமல் ஒப்பித்து, சரியான இடத்தில் கையை உயர்த்தி, எவர்சில்வர் டிபன் பாக்ஸாக ஐந்து வாங்கியிருக்கிறேன். அம்மா இன்னும் அவற்றில்தான் புளி, மிளகாய் எல்லாம் போட்டு வைத்திருக்கிறாள். அந்த ஐந்து போட்டியிலும் நான் என்ன சொன்னேன் என்று கேட்டவர்களுக்குப் புரிந்ததா என யாரும் கேட்டதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

4

ஜனவரியில் பெரார்கஞ்சில் விவசாயிகள் கூட்டம் போட்டோம். வெள்ளரி போடுகிறவர்களுக்கு நான் பேச வேண்டும். இந்தியில்.

இந்தத் தீவில் வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், தமிழர் எல்லோரும் ஒருவரோடு ஒருவர் பேசுவது இந்தியில்தான். அது புத்தக இந்தி இல்லை. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் உடைத்துப் பங்கு போட்டுக்கொண்ட இந்தி. நான் வந்து ஆறு மாதத்தில் காய்கறி வாங்கும் அளவுக்கும், ஒரு வருடத்தில் சண்டை போடும் அளவுக்கும் கற்றுக்கொண்டேன். இந்தி எழுத்து மட்டும் படிக்க வரவில்லை. அதனால் பேச வேண்டியதைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொள்வேன். மகிழ் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது என்ன பாஷை?" என்பாள். அவள் இரண்டாம் வகுப்பு. இந்தியில்தான் கோபப்படுகிறாள், இந்தியில்தான் தூக்கத்தில் பேசுகிறாள். தமிழ் அவளுக்கு என்னிடம் சோறு கேட்பதற்கான மொழி.

சொல்ல வேண்டியவை மூன்று. தோட்டத்தில் பொறி கட்டுங்கள். பிஞ்சிலேயே பாருங்கள். புழு வைத்த காயைப் பறித்து இரண்டடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள். மூன்றாவதுதான் உயிர். காய்க்குள் இருக்கும் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். ஆழத்தில் புதைத்தால் வர முடியாது. இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. பொறியோடு இதையும் சேர்த்துச் செய்தால் இந்த மண்ணில் எவ்வளவு பலன் என்று பார்ப்பதுதான் என் திட்டம். சில தோட்டங்களில் பொறி மட்டும், சில தோட்டங்களில் பொறியும் புதைப்பதும்.

அலுவலகத்தில் இந்தி அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார். 'புதைத்துவிடுங்கள்' என்பதற்கு இந்தியில் என்ன என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, 'பூமிகத் கரேன்' என்று எழுதித் தந்தார். நிலத்தடியாக்குக என்று அர்த்தம் வருகிற மாதிரி ஏதோ ஒன்று. எனக்குச் சிரிப்பு வந்தது. ஜீப்பில் போகும்போது டிரைவர் சிவலிங்கம் அண்ணனிடம் காட்டினேன். அவர் குடும்பம் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து இங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேறியது. அவர் பிறந்ததே இங்கேதான்.

"மேடம், பூமிகத் கீமிகத்னு சொன்னீங்கன்னா ஒருத்தனுக்கும் சமஜ் ஆகாது. கவர்மென்ட்டு ஏதோ நெலத்த எடுக்கப்போவுதுன்னு பயந்துருவான். சிம்பிளா காட் தோ சொல்லுங்க. எல்லாருக்கும் தெரியும்."

அபர்டீன் பஜாரில் வண்டி நெரிசலில் நின்றபோது மடியில் காகிதத்தை வைத்து, 'பூமிகத் கரேன்' என்பதை அடித்துவிட்டு, 'காட் தோ' என்று எழுதினேன். இந்தி அதிகாரியின் மேல் எனக்கு அப்போது இருந்த இளக்காரம் கொஞ்சநஞ்சம் இல்லை. மக்கள் பேசுகிற சொல்லைப் பிடித்துவிட்டேன் என்ற பெருமை வேறு.

அன்றைக்கு நான் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். படம் இல்லை, புரொஜெக்டர் இல்லை. ஏழு நிமிடம். காகிதத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பேசினேன். முன்வரிசையில் எல்லோரும் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடும் சுபத்ரா தீதி உட்கார்ந்திருந்தார். வங்காளிக் குடியேற்றக் குடும்பம், ஐம்பது வயது இருக்கும், எங்கள் சோதனைத் தோட்டங்களில் ஒன்று அவருடையது. ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். மூன்றாவது விஷயத்தைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தி, நிறுத்தி, இரண்டு தடவை சொன்னேன். "காட் தோ. காட் தோ." கை தட்டினார்கள்.

5

மார்ச்சில் கணக்கெடுக்கப் போனேன். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. கதிருக்கு டியூட்டி. மகிழையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை குழு முன்னால் பேச வேண்டும். பெரார்கஞ்சின் கடைசிக் கணக்குதான் பாக்கி. மற்ற தோட்டங்களில் பொறி மட்டும் வைத்தே சேதம் குறைந்திருந்தது. புதைக்கச் சொன்ன பெரார்கஞ்ச் தோட்டங்களிலோ, அதுவரை வந்த கணக்கில், கூடியிருந்தது. எனக்கு விளங்கவில்லை.

சுபத்ரா தீதியின் தோட்டத்து வரப்பில் வெள்ளரிக்காய்கள் வெட்டிப் போடப்பட்டிருந்தன. ஏனோதானோ என்று இல்லை. நாலு நாலாக, ஒரே அளவாக, விருந்துக்கு அரிந்த மாதிரி வரிசையாக. ஒவ்வொரு துண்டிலும் வெள்ளைப் புழு நெளிந்தது. முற்றிய புழு உடம்பை வளைத்து வில்மாதிரித் துள்ளும். துள்ளித் துள்ளி, கொடியின் அடியில், ஈர மண்ணில் போய் விழுந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு இதைவிட வசதி யாரும் செய்து தர முடியாது.

தீதி அரிவாளோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"தேக்கோ மேடம். ஜைசா ஆப் போலா, பில்குல் வைசா." பாருங்கள், நீங்கள் சொன்னபடியே, அச்சு அசலாக.

தினமும் விடிந்ததும் இதுதான் முதல் வேலையாம். புழு வைத்த ஒரு காயைக்கூட விடுவதில்லையாம். பக்கத்துத் தோட்டத்து மீனா இரண்டாகத்தான் வெட்டுகிறாளாம், சோம்பேறி. பிறகு ஒரு சந்தேகம் கேட்டார். கூட்டத்திலேயே கேட்க நினைத்தாராம், எல்லோரும் இருந்ததால் கூச்சமாக இருந்ததாம்.

"மேடம், நாலு துண்டு போதுமா, இன்னும் சின்னதா வெட்டணுமா? நீங்க அதைச் சொல்லலையே."

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நொடியே புரிந்துவிட்டது.

மக்களே, என் தவறு இதுதான். இந்தியில் 'புதை' என்பதன் முதல் எழுத்து, நாம் 'கங்கை' என்று சொல்லும்போது வாயில் வரும் முதல் க. அதன் கடைசி ஒலி, 'வண்டி'யில் வருகிற ட. 'வெட்டு' என்பதன் முதல் எழுத்து 'கடை'யில் வருகிற க. அதன் கடைசி ஒலி 'பட்டு'வில் வருகிற ட. சிவலிங்கம் அண்ணன் சொன்னது முதலாவது. நான் காகிதத்தில் எழுதியது தமிழ். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. காகிதத்தைப் பார்த்துக் கண்ணாடி முன்னால் பத்துத் தடவை ஒத்திகை பார்த்ததில், காதில் விழுந்த சொல் போய், கண்ணில் பட்ட சொல் வாயில் நின்றுவிட்டது. குரலைத் தாழ்த்தி, நிறுத்தி, முகம் பார்த்து, இரண்டு தடவை, 'வெட்டுங்கள், வெட்டுங்கள்' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இனி வருவதைத்தான் எழுத எனக்குக் கை வரவில்லை. தீதி அரிவாளைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். நான் சிரித்தேன். "டீக் ஹை, தீதி" என்றேன். சரிதான், அக்கா. நோட்டை மூடிக்கொண்டு ஜீப்புக்கு நடந்தேன்.

6

வண்டி கிளம்பியதும் மகிழ் ஆரம்பித்தாள்.

"அம்மா, அந்த ஆன்டி ஏன் வெட்டிருக்காங்க? நீ வீட்டுல பொதைக்கணும்னுதானே சொன்ன?"

"சும்மா இரு."

"நீ காட் சொன்னியா, காட் சொன்னியா?"

அச்சில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும். அவள் வாயில் இரண்டும் வேறு வேறாக, சுத்தமாக விழுந்தன.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்லம்மா." கையால் கழுத்தை அறுப்பது மாதிரிக் காட்டினாள். "இது காட்." உள்ளங்கையைக் கீழே அழுத்தினாள். "இது காட். போலோ."

சொன்னேன்.

"கலத்." தப்பாம். இன்னொரு முறை சொன்னேன். அதுவும் கலத். சிவலிங்கம் அண்ணன் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே தோள் குலுங்கச் சிரித்தார்.

"மேடம், நான் சொன்னது கரெக்டுதான். எம்மேல கேஸ் போட்டுறாதீங்க."

"நீங்க சும்மா ஓட்டுங்கண்ணே."

கொஞ்ச தூரம் போனதும் மகிழ் மறுபடி கேட்டாள், இந்தத் தடவை மெதுவாக: "நீ ஏன் ஆன்டிகிட்ட சொல்லல? ஷரம் வந்துச்சா?"

வெட்கமா என்று கேட்கிறாள். வேலியோரம் பாக்கு மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நான் மகிழ் வயதில் இருந்தபோது எனக்குச் சொறி வந்தது. அம்மா சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். நர்ஸ் ஒரு பாட்டிலைக் கொடுத்து, நிமிர்ந்து பார்க்காமல், 'பூச்சு மருந்து, ராத்திரி ஒரு வேளை' என்றார். அம்மா காதில் 'பூச்சி மருந்து' என்று விழுந்தது. வயிற்றில் பூச்சி இருப்பதால்தான் பிள்ளைக்குச் சொறி என்று அவளாகவே ஒரு நியாயம் கண்டுபிடித்து, ராத்திரி ஒரு ஸ்பூன் என் வாயில் ஊற்றினாள். இரண்டு நாள் வாந்தி. மறுபடி தூக்கிக்கொண்டு ஓடினாள். நர்ஸ் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "சொன்னதக் கேட்டாத்தானே? படிக்காத ஜனங்க கிட்ட என்னத்தச் சொல்றது."

அம்மா சொன்னதைத்தான் கேட்டாள். ஒரு எழுத்துதான் மாறி விழுந்தது. ஆனால் அன்றைக்கு நான் அம்மா பக்கம் இல்லை. நர்ஸ் பக்கம் இருந்தேன். இப்படி ஒரு அம்மாவா என்று எனக்கு அவமானமாக இருந்தது. நான் படித்தே தீர வேண்டும் என்று நினைத்ததற்கு அந்த வரிசையும் ஒரு காரணம். படித்தும் விட்டேன். நிமிர்ந்து பார்க்காத அந்த நர்ஸை ஒரு விஷயத்தில் தாண்டியும் விட்டேன். நான் நிமிர்ந்து, முகம் பார்த்து, தப்பாகச் சொன்னேன்.

7

திங்கட்கிழமை துறைத் தலைவர் என் படங்களைப் பார்த்தார். பெரார்கஞ்ச் எண்கள் வந்த இடத்தில் நிறுத்தினார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, ஆங்கிலத்தில் ஒரு வரி அடித்தார்: 'விவசாயிகள் பரிந்துரையை முழுமையாகப் பின்பற்றவில்லை.'

"இதுதான் வழக்கம்" என்றார்.

வழக்கம்தான். எங்கள் அறிக்கைகளில் தேதி இல்லாமல்கூட இருக்கும், இந்த வரி இல்லாமல் இருக்காது. முந்தைய இரண்டு வருடமும் நானே எழுதியிருக்கிறேன். அப்போதெல்லாம் உண்மையில் என்ன நடந்தது என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

"சார், அவங்க முழுசா பின்பற்றினாங்க. நான்தான்..."

"ஒரு வரிதானே, செல்வராணி. உன் நீட்டிப்பும் அதே ஃபைலில்தான் போகிறது. பார்த்துக்கொள்."

சான்றிதழில் பெயர் எப்படி மாறியது என்பது இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அந்த வரியை அழித்தேன். மறுபடி சேர்த்தேன். கதிரிடம் கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "வேலை போனா போவட்டும், ஊருக்குப் போவலாம். ஆனா நீ அந்த அக்காகிட்ட பொய் சொல்லிட்டு வந்ததுலேருந்து ஒழுங்கா சாப்புடல. அதப் பாரு மொதல்ல" என்றார். எனக்கு ஊருக்குப் போகும் எண்ணம் இல்லை. அதுவும் ஒரு வரியால் தோற்று.

8

செவ்வாய்க்கிழமை. எனக்கு முன்னால் பேசியவர் இருபத்தெட்டு படம் காட்டினார். அஸ்தமனமும் வந்தது.

என் முதல் படம் விழுந்ததும் குழுத் தலைவர் கையை உயர்த்தினார். முகவரியில் 'போர்ட் பிளேர்' என்று இருக்கிறதே, 'ஸ்ரீ விஜயபுரம்' என்று மாற்றச் சொல்லிச் சுற்றறிக்கை வந்ததே, பார்க்கவில்லையா என்றார். பார்த்தேன், இது பழைய படிவம் என்றேன். யார் படிவம், எந்தப் பிரிவு, எந்தத் தேதிச் சுற்றறிக்கை என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். என் பன்னிரண்டு நிமிடத்தில் நாலு நிமிடம் ஊர்ப்பெயருக்குப் போனது. வெள்ளரிக்கு எட்டு.

நான் எல்லாப் படத்தையும் தாண்டி, சனிக்கிழமை கணக்குக்காக எடுத்த ஒரே ஒரு புகைப்படத்தில் நிறுத்தினேன். வரப்பில் நாலு நாலாக வெட்டி அடுக்கிய வெள்ளரிக்காய்.

"இதை வெட்டியது விவசாயி. வெட்டச் சொன்னது நான்" என்றேன்.

கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்த தலைகள் நிமிர்ந்தன. எழுத்துக் கதையைச் சொன்னேன். எந்தத் தோட்டத்தில் என்ன நடந்தது, அதனால் எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று சொன்னேன். பரிந்துரையை எல்லோரும் முழுமையாகப் பின்பற்றினார்கள், பரிந்துரைதான் தவறாகப் போய்ச் சேர்ந்தது என்று முடித்தேன். நன்றிப் படம் இல்லை.

சிரித்தார்கள், ரசித்துச் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து, இது கேள்வி இல்லை, கருத்து என்றார். கதையாகச் சொல்வது நல்ல உத்தியாம், இளைஞர்கள் கற்றுக்கொள்ள வேண்டுமாம். துறைத் தலைவர் வெளியே வந்து என் தோளைத் தட்டி, "நல்ல ஸ்ட்ராட்டஜி" என்றார். மூன்று நாள் நெஞ்சை அறுத்ததற்கு அவர்களிடம் இருந்த பெயர் உத்தி. சான்றிதழ் எதற்குக் கொடுத்தார்கள் என்றால், அதற்குத்தான். சான்றிதழ் வந்துவிட்டது. நீட்டிப்பு உத்தரவு இன்னும் ஏதோ ஒரு மேசையில் இருக்கிறது. 'ஆகிவிடும்' என்கிறார்கள்.

கை தட்டும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஆங்கிலத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்வது வலிக்கவே இல்லை. அந்த அறையில் வெள்ளரி போட்டவர் ஒருவரும் இல்லை.

9

அடுத்த சனிக்கிழமை காலையிலேயே பெரார்கஞ்ச் போனேன். காகிதம் எடுத்துப்போகவில்லை. மண்வெட்டி எடுத்துப்போனேன். மகிழும் வந்தாள், கேட்காமலே ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

சுபத்ரா தீதி, மீனா, இன்னும் நாலைந்து பெண்கள். வரப்பில் நின்று, எனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில் சொன்னேன். நான் தப்பாகச் சொன்னேன். வெட்டக் கூடாது. உங்கள் காய் கெட்டது என்னால்தான். அன்றைக்கு நீங்கள் கேட்டபோதே எனக்குத் தெரியும். வெட்கத்தில் சொல்லாமல் போய்விட்டேன்.

தீதி அரிவாளைக் கீழே வைத்தார். நேராக என்னைப் பார்த்தார். எந்தக் குழுவும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"இத்னா தின்" என்றார். இத்தனை நாள். விரலை மடக்கி எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். "ரோஜ் சுபே காட்டா மைனே." தினமும் காலையில் வெட்டினேன்.

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சோம்பேறி என்று பெயர் வாங்கிய மீனாதான் முதலில் சிரித்தாள். "நான்தான் தீதி கம்மியா வெட்டினேன். என் தோட்டம் தப்பிச்சுது பாரு." மற்றவர்களும் சிரித்தார்கள். தீதி சிரிக்கவில்லை. மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கி, "எவ்வளவு ஆழம்?" என்று மட்டும் கேட்டார்.

முழங்காலில் கையை வைத்துக் காட்டினேன். இரண்டு பேரும் மாறி மாறி வெட்டினோம். குழி ஆனதும் துண்டுகளை எல்லாம் கூட்டி உள்ளே தள்ளி, மண் மூடி, மிதித்தோம். மண் மிதிப்பது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முடிந்ததும், இதுவரை எந்தக் கூட்டத்திலும் நான் கேட்காத ஒன்றைக் கேட்டேன். "நான் என்ன சொன்னேன், நீங்க சொல்லுங்க."

மீனா சொன்னாள்: "காட் தோ."

அவள் சொன்னது கங்கையின் க-வா, கடையின் க-வா? உற்றுக் கேட்டும் எனக்குத் தெரியவில்லை. மகிழைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வேண்டுமென்றே வாயைத் திறக்காமல் நின்றாள்.

"ஹாத் சே" என்றேன். கையால் காட்டுங்கள்.

மீனா தீதியைப் பார்த்தாள். தீதி மண் அப்பிய உள்ளங்கையை விரித்து, கீழே, அழுத்தமாக, ஒரு தடவை அமுக்கிக் காட்டினார்.